தங்கள் முதுகு நலமா?

– டாக்டரம்மா, பக்கத்துல உக்காந்திருக்கறவர்கிட்ட சொல்லிடுங்க, அவர் முழங்கை என் பக்கம் வருது.

– அட, அவர்கிட்ட நீங்க சொல்லிடுங்க டாக்டரம்மா, இந்த ரூம்ல இருக்கறதே ரெண்டு நாற்காலி, அதையும் ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கீங்க. கையைக் கழட்டிக் கீழ ஜெராக்ஸ் கடையில குடுத்துட்டா வர முடியும்?

– முதல்ல ஒரு விஷயம். நான் டாக்டர் இல்லைங்க. அனுப்பற மெயில் ஏன் போய்ச் சேரலைன்னு பாத்துச் சொல்றவ. வாசல்ல 'மெயில் டாக்டர்'னு போர்டு எழுதி மாட்டினது என் தம்பி செஞ்ச குறும்பு. ரெண்டாவது விஷயம், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படியேறி வந்தீங்க, ஒரே கடைப் பேரைத்தான் சொன்னீங்க. நடுவுல எதுக்கு என்னைத் தபால்காரி ஆக்கறீங்க?

– நியாயத்தைச் சொல்லணும்னா, நாங்க பேசிக்கிட்டுப் பதினாறு நாள் ஆச்சும்மா.

– பதினெட்டுன்னு சொல்லுங்க டாக்டரம்மா. ரெண்டு ஞாயித்துக்கிழமையை முழுங்கிட்டார்.

– ஞாயித்துக்கிழமை கடை லீவு. லீவு நாள்ல பேசாததை எல்லாம் யாரும் கணக்குல சேக்க மாட்டாங்கன்னு அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

– ஐயோ, போதும். உங்களைப் பெரியவர்ங்கறேன், உங்களைச் சின்னவர்ங்கறேன். என்ன உறவு?

– சகலை.

– அதாவது டாக்டரம்மா, இவர் கட்டினது அக்காவை, நான் கட்டினது தங்கச்சியை. அந்த அக்கா தங்கச்சியோட புருஷங்க நாங்க. சேந்து மெத்தைக் கடை வெச்சிருக்கோம், பதினொரு வருஷமா. ஒரே வீட்டுல மாடியில அவங்க, கீழ நாங்க.

– பெரியவர் ஒரு வார்த்தையில சொன்னதைத்தானே நீங்களும் சொன்னீங்க?

– அவர் சொன்னா சுருக்கமா இருக்கும். நான் சொன்னா விளங்கும்.

– பாத்தீங்களாம்மா? கடையிலயும் இதேதான். ஒரு ஆள் மெத்தை கேட்டு உள்ள வந்தா, நான் படுத்துப் பாருங்கம்பேன். இவர் அந்த ஆள் படுக்கறதுக்குள்ள மெத்தையோட ஜாதகத்தையே படிச்சு முடிச்சிடுவார்.

– சரி. சண்டை அப்புறம். வியாதி என்ன, அதைச் சொல்லுங்க.

– எங்ககிட்ட மெத்தை வாங்கினவங்க நாலாயிரத்து இருநூறு பேர் விலாசம் இருக்குதும்மா. எல்லாருக்கும் ரெண்டு தடவை மெயில் அனுப்பினோம். ரெண்டுக்கும் சேத்துத் திறந்தது இருபதே பேர். அங்க இங்க விசாரிச்சா, போனது எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள்ள கிடக்குதாம். வேண்டாத குப்பை போய் விழற பெட்டி.

– குப்பையில கூட நல்ல எடம் கிடைக்கலை டாக்டரம்மா! மேல லாட்டரிப் பரிசு, கீழ வழுக்கைத் தலைக்குத் தைலம், நடுவுல நசுங்கிட்டு எங்க கடை!

– கடிதம் எழுதினது யாரு?

– இடப்பக்கம் நான். வலப்பக்கம் அவர்.

– என்ன பக்கம்?

– ரெண்டு கடிதம்மா. அவர் ஒண்ணு எழுதினார், நான் ஒண்ணு எழுதினேன். எது நல்ல கடிதம்னு தெரியணும்ல? முதல்ல நானூறு பேரை மட்டும் எடுத்து, இருநூறு பேருக்கு என்னோடது, இருநூறு பேருக்கு அவரோடது. நாலு மணி நேரத்துல எதை அதிகம் பேர் திறக்கறாங்களோ, அதுதான் மீதி எல்லாருக்கும் போகும். அப்படி ஏற்பாடு.

– ஓ, பிரிச்சு அனுப்பிப் பாத்தீங்களா. நல்ல முறைதான். வழக்கமா 'ஏ'ன்னும் 'பி'ன்னும் பேர் வெப்பாங்க.

– 'பி'யா இருக்க நான் ஒத்துக்கலை.

– நான் மட்டும் ஒத்துக்குவேனா? நம்ம தொழிலுக்குத் தக்கபடி தலைமாடு, கால்மாடுன்னு வெச்சுக்கலாம்னேன். கால்மாடு யாருன்னு ஒரு மணி நேரம் போச்சு. கடைசியில கட்டிலுக்கு இடப்பக்கம் ஒருத்தர், வலப்பக்கம் ஒருத்தர்.

– பேசாதவங்க எப்படி இதையெல்லாம் பேசி முடிவு பண்ணினீங்க?

– கேஷ்ல உக்காந்திருக்கற பொண்ணு மூலமா. பாவம், அவ வேலையை விட்டுடறேங்கறா.

– விட மாட்டாளா பின்ன? எங்க, கடிதத்தைப் படிங்க. பெரியவர் முதல்ல.

– தலைப்பு, 'தங்கள் முதுகு நலமா?' உள்ளே, 'அன்புடையீர், தாங்கள் எங்களிடம் மெத்தை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மெத்தைக்கும் வயது உண்டு. நடுவில் குழி விழுந்திருந்தால் தெரிவிக்கவும், வந்து பார்க்கிறோம். குழி விழாதிருந்தால் புதியது வாங்க வேண்டாம். இப்படிக்கு...'

– கேட்டுக்கிட்டீங்களா டாக்டரம்மா? 'வாங்க வேண்டாம்'! விக்கறதுக்கு அனுப்பற கடிதத்துல! சொந்த வாயாலயே சூனியம்!

– குழி விழாத மெத்தையை மாத்தச் சொல்றது பாவம்னு அவர்கிட்ட சொல்லுங்க.

– இப்ப சின்னவர்.

– 'தூங்குறீங்களா, புரளுறீங்களா??? இன்னிக்கு விட்டா என்னிக்கும் கிடைக்காது!!! மெத்தை ஒண்ணு எடுத்தா தலையணை ரெண்டு சும்மா! சும்மா!! சும்மா!!!' இது தலைப்பு மட்டும்தான். உள்ள இன்னும் இருக்கு.

– இருக்கட்டும், இருக்கட்டும். மொத்தம் எத்தனை ஆச்சரியக்குறி?

– பதினேழு. அடக்கித்தான் வாசிச்சேன்.

– கண்ணால படிச்சாலே காது அடைக்குதும்மா. நீங்களே சொல்லுங்க, குப்பைக்குப் போனது யாரால? நூத்துக்கு நூறு இந்தக் கூச்சல்தானே காரணம்?

– இல்லை பெரியவரே. கத்தினா ஒரு மார்க் குறையும், அவ்வளவுதான். இப்பல்லாம் கடிதத்துல என்ன எழுதியிருக்குங்கறதை விட, அனுப்பற ஆள் யாரு, வாங்கறவங்க அவரை எப்படி நடத்தறாங்க, அதைத்தான் மெயில் கம்பெனிக்காரங்க பாக்கறாங்க. இவ்வளவு அமைதியா முதுகை விசாரிச்ச உங்க கடிதமும்தானே குப்பைக்குப் போச்சு? ஆமா, உங்க கடிதம் எப்படி எல்லாருக்கும் போச்சு? ஜெயிச்சது ஒண்ணுதானே போகணும்?

– அப்படிக் கேளுங்க டாக்டரம்மா! ஜெயிச்சது நான். நூத்து முப்பத்தொரு பேர் என்னோடதைத் திறந்தாங்க, அவரோடது நூத்து இருபத்தி நாலு. திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு என் கடிதம் எல்லாருக்கும் பட்டுனு போச்சு. சாயந்தரம் வரைக்கும் திறந்தது பதினொரு பேர். உடனே இவர், 'இது வெற்றி இல்ல'ன்னு செவ்வாய்க்கிழமை காலையில தன்னோடதையும் எல்லாருக்கும் அனுப்பிட்டார்.

– அதை எத்தனை பேர் திறந்தாங்க?

– ஒன்பதும்மா. அதுல ஒருத்தர், 'என் முதுகைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது'ன்னு சண்டைக்கு வந்துட்டார்.

– பதினொரு வருஷம் வாயே திறக்காம இருந்துட்டு, ஒரே நாள் இடைவெளியில நாலாயிரம் பேர் கதவை ரெண்டு தடவை தட்டினா யார்தான் பயப்பட மாட்டாங்க? அது ஒரு காரணம். ஆனா அது மட்டும் இல்லை. நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். ஒரு கடிதத்துக்கா இவ்வளவு முறுக்கு? இதுல தோத்தா என்ன? ஏன், இப்ப ரெண்டு பேரும் என்னைக் கூடப் பாக்க மாட்டேங்கறீங்க?

– அவரையே சொல்லச் சொல்லுங்க டாக்டரம்மா, பெரியவர்தானே.

– நியாயத்தைச் சொல்லணும்னா... கடை வாசல்ல ஒலிபெருக்கி வெச்சார்ம்மா இவர். காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் 'வாங்க வாங்க, படுங்க படுங்க'ன்னு ஒரே இரைச்சல். எதுத்தாப்புல கண் ஆஸ்பத்திரி. நான் ஒயரைப் பிடுங்கிட்டேன்.

– பிடுங்கினது கூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர் முன்னாடி பிடுங்கினார். ரப்பர் மெத்தையில படுத்திருந்த ஆள் எந்திரிச்சே போயிட்டார்.

– வார்த்தை வளந்துச்சு. ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. ஒருத்தர் இந்தக் கடையை வெச்சுக்கறது, இன்னொருத்தர் குடும்பத்தோட வேற ஊருக்குப் போய்ப் புதுசா கடை போடறது. அங்க ஒரு இடம் காலியா இருக்கு. யார் போறதுன்னு முடிவு பண்ணத்தான் இந்தக் கடிதப் பரிட்சை. யாருக்குக் கடையை நடத்தத் தெரியும்னு ஜனங்களே சொல்லட்டும்னு. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு.

– குடும்பத்தோடவா? அப்ப உங்க வீட்டுக்காரம்மாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு போகணுமே? அவங்க என்ன சொல்றாங்க?

– அவங்களுக்குத் தெரியாது. முடிவு தெரிஞ்சப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தோம்.

– மூச்சு விடலை டாக்டரம்மா. அந்த ஒரு விஷயத்துல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒத்துமை.

– பிரமாதமான ஒத்துமை. சரி, அனுப்பற கணக்கைத் திறந்து குடுங்க, நாடி பாப்போம். அந்த நானூறு பேரை எப்படிப் பொறுக்கினீங்க? கண்ணை மூடிட்டுக் கலைச்சு எடுத்தீங்களா?

– கலைக்கறதாவது! கடை திறந்த அன்னிக்கு வந்தவங்க பேர் எல்லாம் முதல் நோட்டுல இருக்கு. அந்த நோட்டுலேருந்து நானூறு பேர்.

– கடை திறந்த அன்னிக்கு வந்தவங்கன்னா...

– சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், கூட வேலை பாத்தவங்க.

– பரிட்சையில மார்க் போடறவங்க எல்லாரும் உங்க சொந்தக்காரங்களா!

– முன்பின் தெரியாதவங்ககிட்டயா முதல்ல போய் நிக்கறது? நம்ம ஜனங்ககிட்ட முதல்ல காட்டறதுதானேம்மா மரியாதை?

– கல்யாணப் பத்திரிகைக்கு அது மரியாதை பெரியவரே. இதுல நம்ம ஜனம் திறக்கறதை வெச்சு ஊரார் திறப்பாங்களான்னு எப்படிச் சொல்றது? சரி, அந்தச் சொந்தக்காரங்களையாவது எப்படிப் பிரிச்சீங்க?

– அதுதான் பெரும்பாடு. எங்க ரெண்டு பேருக்கும் மாமனார் ஒருத்தர்தானே? அதனால மாமனார் எனக்கு, மாமியார் அவருக்கு.

– பெரிய மச்சான் எனக்கு, சின்ன மச்சான் அவருக்கு. மச்சான் பசங்களை வயசு ஒத்தைப்படை, ரெட்டைப்படை பாத்துப் பிரிச்சோம். என் பேரும் அந்த நோட்டுல இருந்துச்சு, அது அவர் பக்கம் விழுந்துடுச்சு. அவர் பேர் என் பக்கம்.

– அடக் கடவுளே. இதுல திருட்டு வேலை எதுவும் பண்ணலையே? முழிக்கறதைப் பாத்தா பண்ணியிருக்கீங்க.

– சின்னதா ஒண்ணு. சரக்கு ஏத்தி இறக்கறவங்க, வண்டி டிரைவருன்னு எட்டுப் பேரையும் என் பக்கம் சேத்துட்டேன். திங்கக்கிழமை காலையில வரிசையா நிக்க வெச்சுத் திறக்கச் சொன்னேன்.

– பாத்தீங்களாம்மா அநியாயத்தை! ஏழு ஓட்டு வித்தியாசம், எட்டு ஆள்!

– நீங்க சுத்தமா பெரியவரே?

– மாமனார் கண்ணாடி கிடைக்கலைன்னார். போனை நான் வாங்கித் திறந்து குடுத்தேன். அது உபகாரம்மா, திருட்டு இல்லை.

– ரொம்பச் சரி. இருங்க... இது என்ன வேடிக்கை? பெரியவர் கடிதத்தை ஒரே ஆள் பதினாலு தடவை திறந்திருக்கார். திங்கக்கிழமை மூணு, செவ்வாய்க்கிழமை நாலு, நேத்திக்கு ஏழு.

– யாரும்மா அந்தப் புண்ணியவான்?

– சின்னவரே, இது உங்க விலாசம் இல்ல?

– கை பட்டிருக்கும்.

– பதினாலு தடவையா?

– சரி, சொல்லிடறேன் டாக்டரம்மா. பதினொரு வருஷமா மெத்தை தூக்கறேன். மாடிப்படியில ஏத்தறது, திருப்பத்துல வளைக்கறது, எல்லாம் இந்த முதுகுதான். ஒரு வருஷமா குனிஞ்சா நிமிர முடியலை. யார்கிட்டயும் சொல்லலை. கடைக்காரனே முதுகைப் பிடிச்சிட்டு நின்னா எவன் மெத்தை வாங்குவான்? அன்னிக்கு வண்டியில உக்காந்து போனைத் திறந்தா, 'தங்கள் முதுகு நலமா?' என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்குன்னு கேட்டது இல்லைன்னு தெரியும். இருந்தாலும் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

– ஒரு வருஷமாவா? என்கிட்ட ஏன் சொல்லலை நீங்க?

– உங்ககிட்ட சொன்னா சுமக்க விட மாட்டீங்க சகலை. நீங்களே தூக்குவீங்க. உங்களுக்கு மூட்டு வலி.

– மூட்டு எனக்கு, முதுகு உங்களுக்கு. கடையில அத்தனை ஆள் இருக்கே, அவங்களை வெச்சுத் தூக்கியிருக்கலாமேய்யா! உங்க கத்தல்ல எனக்குக் கோவம் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா நீங்க படியேறி மெத்தையை இறக்கிப் போட்டுட்டு, 'இப்ப படுங்க பாட்டி'ன்னு சொல்லிச் சிரிக்க வெச்சுட்டு வர்றீங்க பாருங்க, அந்த மாதிரி எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

– உங்க மாதிரி எழுதவும் எனக்கு வராது சகலை. அன்னிக்கே சொல்லியிருப்பேன், போட்டியா போயிடுச்சு.

– மன்னிக்கணும், ஒரு தகவல். ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசிட்டீங்க.

– அட, ஆமா!

– சகலை, முதுகை வெச்சுக்கிட்டு நீங்க புது ஊர்ல போய் ஒண்டியா கடை போட முடியாது. நான் போறேன். நீங்க இங்கேயே இருங்க.

– மூட்டு வலியோட நீங்க போவீங்களா? அதெல்லாம் நடக்காது. தோத்தது நான்தான். எட்டு ஆளைக் கழிச்சா நூத்து இருபத்து மூணு. ஒரு ஓட்டுல தோத்தேன். நான்தான் போறேன்.

– மாமனார் ஓட்டைக் கழிச்சா எனக்கும் நூத்து இருபத்து மூணுதான். சமம். வயசுல பெரியவன் நான், நான் போறேன்.

– ஐயா, ஐயா! இருக்கறதுக்கு அடிச்சுக்கிட்டு முடிஞ்சு இப்ப போறதுக்கு அடிச்சுக்கறீங்களா? யாராவது போயே ஆகணுமா?

– எழுதிக் கையெழுத்துப் போட்டோமேம்மா. வாக்குன்னு ஒண்ணு இருக்கே.

– ரெண்டு நிமிஷம் வாயை மூடிட்டு இருங்க. இங்க எதோ தட்டுப்படுது. 'இது எனக்கு வேண்டாத கடிதம்'னு புகார் பண்ண ஒரு பட்டன் உண்டு. ஆயிரம் பேருக்கு அனுப்பி அதுல ஒருத்தர் ரெண்டு பேர் அமுக்கினாலே ஆபத்துன்னு எழுதிடுவேன். இங்க, இடப்பக்கக் கடிதத்துக்கு, இருநூறு பேர்ல முப்பத்தொரு பேர் அமுக்கியிருக்காங்க.

– முப்பத்தொண்ணா! அவ்வளவு மோசமாவா எழுதினேன்?

– விடுங்க சகலை, ரசனை கெட்ட ஜனங்க. உங்களுதுக்கே முப்பத்தொண்ணுன்னா எனக்கு நூறைத் தாண்டியிருக்கும்.

– இல்லை சின்னவரே. வலப்பக்கத்துக்கும் முப்பத்தொண்ணு.

– சரிசமமாவா?

– அச்சடிச்ச மாதிரி. அதுவும் ரெண்டு மணி அடிக்கறதுக்குள்ள, சோதனை நேரத்துக்குள்ளயே அத்தனை பேரும் அமுக்கியாச்சு. இதுதான் நோய். நானூறு பேர்ல அறுபத்திரண்டு பேர் முகத்தைச் சுளிச்சா மெயில் கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்? 'இந்த ஆளைத் தெரிஞ்சவங்களே வேண்டாங்கறாங்க'ன்னு மீதி மூவாயிரத்து எண்ணூறு வீட்டுக் கதவையும் சாத்திட்டான். அப்புறம் நீங்க கத்தினாலும் ஒண்ணுதான், கும்பிட்டாலும் ஒண்ணுதான்.

– யார்ம்மா அமுக்கினாங்க? பேர் தெரியுமா?

– எல்லாக் கம்பெனியும் சொல்லாது. இது சொல்லியிருக்கு. திரையைத் திருப்பறேன், நீங்களே பாருங்க.

– அட! சகலை, இது நம்ம மாமனார்!

– கண்ணாடி இல்லாம அந்தப் பொடிப் பட்டனை எப்படிய்யா அமுக்கினார்? இங்க பாருங்க, மாமியார்.

– பெரிய மச்சான். சின்ன மச்சான். மச்சான் பசங்க ஒத்தைப்படை, ரெட்டைப்படை எல்லாம் இருக்கு. குடும்பமே சேந்து நம்மளைக் குப்பையில போட்டிருக்கு சகலை!

– அவங்களுக்கு நாம என்ன குறை வெச்சோம்? மாமனார் வீட்டுக் கட்டில் கால் ஆடுதுன்னு நானே போய்ப் பலகை அடிச்சுக் குடுத்தேன். இது யாரு... என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்து டீச்சர். இதுவும் டீச்சர். ஒன்பது பேர் வரிசையா டீச்சருங்க.

– இது என் வீட்டுக்காரி வேலை பாக்கற பல் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. இது... பல் டாக்டரேதான்! போன மாசம்தான் அந்த ஆளுக்குத் தலையணை சும்மா குடுத்தேன்!

– உங்க வீட்டுக்காரம்மா டீச்சரா பெரியவரே? என்ன பாடம்?

– கணக்கு. ஏம்மா? ஏன் திடீர்னு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு உங்களுக்கு?

– ஒண்ணுமில்லை. ஃபேன் காத்து. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள், அது எங்க இருக்கு?

– பத்திரமா இருக்குதும்மா. மாடியில, எங்க கட்டில்ல, மெத்தைக்கு அடியில.

– நான்தான் யோசனை சொன்னேன். பத்து அங்குல மெத்தை டாக்டரம்மா, ரெண்டு ஆள் சேந்தாதான் அசையும். பெட்டகத்துல கூட அவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

– யாரும் தூக்கவே மாட்டாங்களா?

– எதுக்குத் தூக்கணும்?

– எனக்கு மெத்தையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வாங்கிட்டுப் போறவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புவீங்க நீங்க?

– என்ன சொல்லுவோம்? வெயில் காட்டுங்க, தண்ணி கொட்டாதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மறக்காம திருப்பிப்...

– சகலை.

– ம்.

– உங்க வீட்டுல யார் திருப்பிப் போடறது?

– அவதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஒண்ணாம் தேதி. கணக்கு டீச்சர், தேதி தப்பவே தப்பாது.

– போன ஒண்ணாம் தேதி?

– நாம கையெழுத்துப் போட்ட மறுநாள். சகலை, அவளால தனியா தூக்க முடியாது. கீழேருந்து தங்கச்சியைக் கூப்பிடுவா.

– போச்சு! அதான் என் வீட்டுக்காரி போன வாரம் பூரா என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சாளா! நான் கூட, முடி வெட்டினது நல்லா இருக்கு போலிருக்குன்னு இருந்தேன்.

– உங்க வீட்டுல சிரிப்பு. எங்க வீட்டுல ஒரு நாள் அவளுக்குக் கண்ணு செவந்து கிடந்துச்சு. கேட்டதுக்கு, சாக்பீஸ் தூள் பட்டுடுச்சுன்னா. நம்பிட்டேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்குய்யா. கடை உனக்கு, எனக்குன்னு நின்னோமே தவிர, பொறந்ததுலேருந்து பிரியாத ரெண்டு பேரைப் பிரிக்கப் போறோம்னு ஒரு நிமிஷம் தோணலையே.

– பிரிஞ்சிருந்தா நமக்கு யார் சகலை இருக்கா? ஒலிபெருக்கி போட்டா ஓடி வந்து ஒயரைப் பிடுங்க ஒரு ஆள் வேணாமா?

– தாளைக் கிழிச்சுடலாமா?

– நேரா வீட்டுக்குப் போறோம், மெத்தையைத் தூக்கறோம், கிழிக்கறோம். மெத்தையை நீங்க தொடாதீங்க, மூட்டு.

– நீங்களும் தொடாதீங்க, முதுகு. அவங்களே தூக்கட்டும், அவங்களுக்குத்தான் பழக்கம்.

– நல்லது. அப்ப மருந்தையும் கேட்டுக்கங்க. மூணு வாரம் ஒரு மெயிலும் கூடாது. அதுக்குள்ள அறுபத்திரண்டு பேர் வீட்டுக்கும் நீங்க ரெண்டு பேருமா போய், 'இது ஸ்பேம் இல்லை'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்க வைக்கணும். மாமனாருக்குக் கண்ணாடியைத் தேடிக் குடுத்துட்டு அமுக்கச் சொல்லுங்க. அப்புறம், கடைசி ஆறு மாசத்துல வாங்கினவங்களுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமா, ஒரே ஒரு கடிதம்.

– யார் கடிதம்?

– முதுகுதான் டாக்டரம்மா, வேற எது? அவர் எழுதினது அப்படியே போகட்டும். 'வாங்க வேண்டாம்' கூட இருக்கட்டும். எனக்குக் கடைசியில ஒரே ஒரு ஆச்சரியக்குறி குடுத்தா போதும்.

– ரெண்டு வெச்சுக்குங்க சகலை. எனக்கு ஆட்சேபணை இல்லை.

– அட, வள்ளல்! ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் இடிக்குது. என் வீட்டுக்காரிக்குப் போன்ல படம் பாக்கத் தெரியும், அவ்வளவுதான். அவ அக்காவுக்கு மெயில்னாலே அலர்ஜி. நாலு மணி நேரத்துக்குள்ள அமுக்கணும், ரெண்டு பக்கமும் சமமா அமுக்கணும், எத்தனை பேர் அமுக்கினா கதவு சாத்தும், இதெல்லாம் அவங்களா யோசிச்சிருக்க முடியாது. விவரம் தெரிஞ்ச எவனோ ஒரு படுபாவி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கான். அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க டாக்டரம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!

– தேடி அலைய வேண்டாம் சின்னவரே. பத்து நாளைக்கு முன்னால ஒரு அக்காவும் தங்கச்சியும் கையைக் கோத்துக்கிட்டு இந்தப் படியேறி வந்து, 'ரெண்டு நல்லவங்க போட்டி போடறாங்க, ரெண்டு பேருமே ஜெயிக்கக் கூடாது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. வழி சொன்ன படுபாவி நான்தான்.